பிள்ளை பெத்த வீட்டில் கேட்கிற கேள்விகள்: முதல் நாற்பது நாள்

மதுரைப் பக்கத்துப் பிரசவ வார்டுகளில் இருபது வருஷத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தவள் நான். வார்டில் இருக்கிற மூன்று நாளும் யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். கட்டைப்பை கட்டியாகி, பிள்ளையைத் துண்டில் சுற்றி, ஆட்டோவும் வாசலில் வந்து நின்ற பிறகு அம்மாச்சி மட்டும் திரும்பி வருவார். "சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அந்த ஒன்று பத்தாகும். அப்படி வாசலில் நின்று கேட்டவைதான் கீழே இருப்பவை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று ஊர் மாறும், கேள்வி மாறாது.

"மஞ்சளா, பிசுபிசுன்னு கொஞ்சூண்டுதான் வருது. அதைப் பீச்சிக் கொட்டிட்டு நல்ல பால் வந்ததும் கொடுக்கலாமா?"

கொட்டாதீர்கள். அதுதான் சீம்பால். மாடு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கிற ஊர் நம்முடையது. பெத்த பிள்ளை விஷயத்தில் மட்டும் அது எப்படிக் கெட்ட பால் ஆனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி அதில் அடர்த்தியாக இருக்கிறது. கருப்பு மலம் சீக்கிரம் வெளியேறவும் உதவும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு வந்தால் போதும், பிள்ளையின் இரைப்பை அவ்வளவுதான் தாங்கும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் மாரில் போட்டுவிட வேண்டும். வெண்பால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஊறி நிறையும். தலைப்பிரசவம், ஆபரேஷன், சர்க்கரை என்றால் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

"நல்ல மனுசர் கையால சேனை வைக்கணும்ல?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்கிறார்கள். சீனித் தண்ணீரும் வேண்டாம், தேனும் வேண்டாம், தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் சங்கு கணக்கில் வாங்கும் கழுதைப் பாலும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் மூச்சு வரைக்கும் போகும். கழுதைப் பால் காய்ச்சாத பச்சைப் பால். அதில் என்ன கிருமி இருக்கிறது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

ஆனால் தாய்மாமா வேட்டியும் சட்டையுமாய் வந்து நிற்கும்போது "கூடாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால், வீட்டுக்குப் போன மறு நிமிஷம் வைத்துவிடுவார்கள். அதனால் நான் ஒன்று செய்வேன். மாமாவை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, தாயின் சீம்பாலையே சுத்தமான பாலாடைக் கிண்ணத்தில் பீச்சி, இரண்டு சொட்டு அவர் கையால் விடச் சொல்வேன். சேனை வைத்ததாகவும் ஆச்சு, பிள்ளைக்கு அதன் பால் கிடைத்ததாகவும் ஆச்சு. இதுவரை எந்த மாமாவும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

"பால் பத்தலை போல சிஸ்டர். பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு."

நூறு பேர் இதைச் சொன்னால் அதில் பெரும்பாலோருக்குப் பால் பத்துகிறது. பத்தாதது நம்பிக்கைதான். அது சுற்றி நிற்பவர்களால் வருகிறது. பார்க்க வந்த பெரியம்மா மாரைப் பார்த்து "இதுல எங்க பால் இருக்கப் போகுது" என்பார். அன்று சாயங்காலம் பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடும். டப்பாப் பால் குடித்த பிள்ளை அசந்து தூங்கும், மாரைச் சப்பாது. சப்பாத மாரில் பால் குறையும். அப்புறம் பெரியம்மா சொன்னது பலித்த மாதிரியே இருக்கும்.

இதில் என் பங்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி டூட்டி. ஆபரேஷன் ஆன தாய் களைத்துக் கிடந்தாள். பிள்ளை வார்டையே எழுப்பியது. உட்கார்ந்து பிடித்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களிடமிருந்து பவுடர் வாங்கிக் கரைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை மாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத் திரும்பப் பழக்க அந்தத் தாய் பட்ட பாட்டை நான்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஈரத் துணியை வைத்துப் போடுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும். தார் மாதிரி இருந்த மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். இது நடந்தால் பால் பத்துகிறது, யார் என்ன சொன்னாலும் சரி. டயப்பர் போட்டால் இந்தக் கணக்குத் தெரியாது; முதல் பத்து நாளைக்குப் பழைய வேட்டித் துணியே நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அப்பத்தா, ஈரத் துணி ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட்டு வைத்திருந்தார். ஏழாம் நாள் டம்ளரைக் குலுக்கிக்கொண்டு வந்து, "நேத்து ஏழு, முந்தாநாள் ஆறு" என்றார். டாக்டருக்கே அதற்கு மேல் ஒன்றும் கேட்க இருக்கவில்லை.

எடையும் பாருங்கள். பிறந்த சில நாளில் எடை குறைவது இயல்புதான். 3 கிலோ பிள்ளை 2.8க்கு வரலாம். 2.7க்கு, அதாவது பத்து சதவீதம் குறைந்துவிட்டால், காத்திருக்காமல் காட்ட வேண்டும். பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும், ராத்திரியும் சேர்த்து. சாயங்காலமானால் சில பிள்ளைகள் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கும். அது பால் பத்தாததால் இல்லை, அதன் வழக்கம் அப்படி.

"காம்பு வெடிச்சு ரத்தம் வருது. என்ன தடவ?"

தடவுவது அப்புறம். பிடிக்கிறது சரியா என்று முதலில் பார்ப்போம். வார்டில் நான் பார்க்கும் புண்களில் முக்கால்வாசி, பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதால் வருவது. காம்பு வழியாகத்தான் பால் வரும், ஆனால் அமுங்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள கருப்பு வட்டம்.

முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். நீங்கள் குனிந்து மாரைப் பிள்ளையிடம் கொண்டுபோக வேண்டாம், பிள்ளையை மாருக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாய் திறக்கும். கொஞ்சம் திறந்ததும் திணிக்கக்கூடாது. கொட்டாவி விடுகிற மாதிரி ஆ என்று திறக்கும் வரை பொறுத்திருந்து, அந்த நொடியில் அணைத்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பிடித்தால் தாடை மாரில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், கருப்பு வட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. முதலில் வேகமாகச் சப்பும், பிறகு ஆழமாக இழுத்து, நிறுத்தி, 'க்' என்று விழுங்கும் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் வலி தானாகக் குறையும். வலித்துக்கொண்டே இருந்தால், வாயோரம் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு மறுபடி பிடிக்க வையுங்கள். பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை.

புண்ணுக்குக் கடைசியாக வரும் பாலையே இரண்டு சொட்டு தடவி, காற்றாட விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினால் இன்னும் வெடிக்கும்.

"ஆபரேஷன் பண்ண பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுக்குறது? தையல் வலிக்குதே."

முதுகில் ஊசி போட்டுச் செய்ததென்றால் தாய்க்கு நினைவு இருக்கும்; முதல் ஒரு மணி நேரத்திலேயே கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள், அல்லது பிள்ளையின் கால் உங்கள் அக்குளுக்கு அடியில் பின்னால் போகிற மாதிரி பிடியுங்கள். இரண்டிலும் தையல் மேல் பாரம் விழாது. வலி மாத்திரை கேட்டால் பால் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு கிடக்காதீர்கள். பாலூட்டும் தாய் போடக்கூடிய வலி மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

"மார்ல பால் கட்டிக் கல்லு மாதிரி ஆயிருச்சு. மல்லிகைப்பூ வச்சுக் கட்டச் சொல்றாங்க."

மதுரையில் இந்தக் கேள்வி வராமல் போகுமா! இது வெறும் பாட்டிக் கதை இல்லை. மாரில் மல்லிகைப்பூ கட்டுவதையும் பால் வற்றக் கொடுக்கும் ஒரு மாத்திரையையும் ஒப்பிட்டு 1988ல் ஆய்வே வெளியாகியிருக்கிறது. பூவும் பால் சுரப்பைக் குறைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தக் காலத்தில் பூ கட்டியது இதற்குத்தான். பால் கொடுக்க வேண்டிய தாய் அதையே கட்டினால் கட்டு இளகும், கூடவே பாலும் போகும். (தலையில் ஒரு முழம் வைத்ததால் பால் வற்றி நான் பார்த்ததில்லை. வைத்துக்கொள்ளுங்கள்.)

கட்டுக்கு மருந்து பிள்ளையின் வாய்தான். மார் கல்லாக இருந்தால் பிள்ளைக்குக் கவ்வ வராது. வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒற்றி, கையால் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டுப் பிடிக்க வையுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் அந்தப் பக்கத்துப் பாலை நிறுத்தக்கூடாது.

"இந்த வெயிலுக்குப் பிள்ளைக்கு நாக்கு வறளாதா? ஒரு வாய் தண்ணி?"

ஆறு மாசம் வரை ஒரு சொட்டும் வேண்டாம், அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் அடிக்கடி மாரில் போடுங்கள், அது போதும்.

தண்ணீர் குடிக்க வேண்டியது தாய். "குடிச்சா வயிறு போடும், புண்ணு ஆறாது" என்று பச்சை உடம்புக்காரியை ஒரு டம்ளரில் நாளை ஓட்டச் சொல்வது இங்கே இன்னும் நடக்கிறது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும்.

சித்திரை மாதத்தில் பிள்ளைக்குக் குல்லா, கையுறை, காலுறை, கம்பளி எல்லாம் போட்டு, ஃபேனையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். பிள்ளை கொதிக்கும், காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதல், அவ்வளவுதான். ஃபேன் ஓடலாம், காற்று நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் சரி. துணியைக் குறைத்துப் பால் கொடுத்தும் சூடு தணியாவிட்டால் அது காய்ச்சல்தான், காட்டுங்கள்.

"குளிப்பாட்டி, மூக்கை ஊதி, எண்ணெய் விட்டு, தொக்கம் எடுத்து..."

முதல் ஒரு நாள் குளியல் வேண்டாம். எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் தள்ளிப் போடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று முடித்து உடனே துவட்டுங்கள். உடம்பில் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவுவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, வயிற்றில் சிக்கியதை எடுக்கிறேன் என்பவரிடம் தொக்கம் எடுக்க அழைத்துப் போவது, இவை மட்டும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகும். சாம்பிராணிப் புகையும் பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது; தாய் தலை காயப் போட வேண்டுமென்றால் வேறு அறையில் போடட்டும். உரை மருந்தும் வசம்பும் வாய்க்குள் போக வேண்டாம். கையில் கட்டும் வசம்பு வளையலையும் பிள்ளை சப்பும், மறக்காதீர்கள்.

"பிள்ளை மார் வீங்கி, அதுல பால் மாதிரி வருது. பீச்சி விடணுமா?"

தொடக்கூடாது. தாயின் உடம்பிலிருந்து வந்த சுரப்பின் மிச்சம் அது, தானே வடியும். பீச்சினால் சீழ் பிடிக்கும். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் காரணம் அதுவே.

"தொப்புள்கொடிக்கு?"

ஒன்றும் வேண்டாம். விபூதி, மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் விழும். நாற்றமோ சீழோ சுற்றிச் சிவப்போ இருந்தால் காட்டுங்கள்.

"மஞ்சக்காமாலைன்னாங்க. காலை வெயில்ல காட்டினா சரியாயிரும்ல?"

இரண்டு மூன்று நாள் கழித்து முகத்தில் லேசாக மஞ்சள் ஏறுவது நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. நன்றாகப் பால் குடித்து மலம் போனால் இறங்கிவிடும். வெயில் இதற்கு வைத்தியம் ஆகாது. ஆஸ்பத்திரியில் மஞ்சள் இறங்க வைக்கும் நீல விளக்கில் ஒளியின் அளவு கணக்காக இருக்கும். மொட்டை மாடி வெயிலில் அந்தக் கணக்கும் இல்லை, பிள்ளை காய்ந்தும் போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், நெற்றித் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள்.

"ரெண்டு கிலோதான் இருக்கு. எப்படி வளர்க்க?"

2.5 கிலோவுக்குக் கீழ் என்றால் எடை குறைவு. இந்தப் பிள்ளைக்குச் சூடுதான் முதல் மருந்து. வெறும் உடம்போடு, குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் கட்டி, தாயின் மார் நடுவில் தவளை மாதிரி ஒட்ட வைத்து, மேலே துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், பிள்ளையைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி பற்றாத ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. தாய் குளிக்கப் போனால் அப்பா கட்டிக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி உட்காரும் அப்பாக்கள் அரை மணியில் பிள்ளையைத் திருப்பித் தர மாட்டேன் என்பார்கள்.

சப்பத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைப் பீச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். ரப்பர் பாட்டில் வேண்டாம். தாய்க்கே பால் கொடுக்க முடியாத நிலை என்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. தானமாகப் பெறும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடுபடுத்தி உறைய வைத்திருப்பார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலிடம்.

"பத்தியம்?"

பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். நம் பத்தியத்தில் சேர்ப்பது நல்லதாகவே இருக்கும், விலக்குவதில்தான் கோளாறு. பழம் குளிர்ச்சி, காய் வாயு, பருப்பு மந்தம் என்று கழித்துக்கொண்டே வந்தால் ரசமும் சோறும்தான் மிஞ்சும். பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும், கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் 180 நாளைக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள்.

"தாய்க்கு எது வந்தா பயப்படணும்?"

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற அளவு ரத்தம், நாற்றத்தோடு படுவது, குளிர்காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல். பிரசவம் முடிந்துவிட்டதே, இனி ரத்த அழுத்தம் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். பிள்ளை பெற்ற பிறகும் வலிப்பு வரலாம்.

"காரணமே இல்லாம அழுகையா வருது. பைத்தியம்னு நினைப்பாங்களோன்னு சொல்லலை."

இதை வாசலில் நின்று அம்மாச்சி கேட்டதில்லை. தாய் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்பது. மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை வருவது ரொம்பப் பேருக்கு நடக்கும். இரண்டு வாரத்துக்குள் தெளியும். தெளியாமல் தூக்கமும் பசியும் போய், பிள்ளையைத் தொடவே பிடிக்காமல் இருந்தால் அது மனச்சோர்வு நோய், வைத்தியம் உண்டு. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால், யாரும் இல்லாத குரல் கேட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் நாளை வீணாக்காதீர்கள்.

"வேலைக்குப் போகணும்."

பீச்சி வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரிக்குள் என்றால் நாலு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. நம் வீடுகளில் வெயில் காலத்தில் 25 டிகிரி ஏது? பீச்சியதும் ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வைத்து நாலு நாளுக்குள் கொடுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். வெளியூர் போனால், 2015ல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகளைத் தேடுங்கள். பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

"பால் கொடுத்தா மறுபடி கரு நிக்காதாமே?"

மூன்றும் சேர்ந்து இருந்தால்தான்: பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே. ஒன்று போனாலும் நம்பாதீர்கள்.

"ஊசி, சர்டிபிகேட்?"

காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி, ரத்தக் கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி. வீட்டுக்குப் போகும் முன் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். அடுத்தது ஒன்றரை மாசத்தில். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் கையில் இருக்கட்டும்.

"பிள்ளைக்கு எது வந்தா ராத்திரின்னும் பார்க்காம ஓடணும்?"

பால் குடிப்பதை நிறுத்தினால். தட்டினால் மட்டும் அசைந்தால். அழாமல் அமைதியாக இருக்கும்போது முழு நிமிஷம் எண்ணி மூச்சு அறுபதைத் தொட்டால், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தால். உடம்பு சுட்டாலும் சரி, கை கால் சில்லிட்டாலும் சரி. வலிப்பு, பச்சை வாந்தி, உடம்பு நீலம் பூப்பது. 108க்குப் போடுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமாகி வீடு திரும்ப 102 வண்டி இலவசம்.

"தூளி எப்பக் கட்டலாம்?"

கழுத்து நிற்கும் வரை வேண்டாம். தூளியில் பச்சைப் பிள்ளையின் தலை முன்னால் மடங்கி, தாடை நெஞ்சில் முட்டும், மூச்சு அடைபடலாம். தாய்க்குப் பக்கத்தில், கெட்டியான பாயில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் போடுங்கள். கழுத்து நின்ற பிறகு கட்டுங்கள், ஒருவர் கண் எப்போதும் அதன் மேல் இருக்கட்டும். அம்மாச்சி பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் பழைய சுங்குடிச் சேலையை அதுவரை நாலாக மடித்துப் பாய் மேல் விரிக்கலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி. ஈரமானால் அரை மணியில் காய்ந்துவிடும்.